நித்தியகல்யாணி: வாசல் செடி மருந்தான வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பள்ளி முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். பையன் மூன்று மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. இரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். புலனத்தில் யாரோ அனுப்பிய செய்தி. நித்தியகல்யாணி இலைச் சாறு குடித்தால் இரத்தப் புற்றுநோய் ஓடிப்போகும், சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள், மருத்துவமனைகள்தாம் இதை மறைக்கின்றன என்று எழுதியிருந்தது.

“டீச்சர், நீங்க படிச்சவங்க. இது உண்மையா? ஆஸ்பத்திரி மருந்து ஏத்துன நாள்ல இருந்து பிள்ளைக்குச் சோறே எறங்கல. முடியெல்லாம் கொட்டிப்போச்சு. இதைக் குடுத்துப் பாக்கவா?” என்று கேட்டார்.

நான் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். எனக்கு என்ன தெரியும்? “டாக்டரைக் கேக்காம எதையும் குடுத்துடாதீங்கம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை. அன்று இரவு தேட ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. அந்தச் செய்தியில் பொய்யும் இருந்தது, பொய்க்குள் ஓர் உண்மையும் இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பகிர்கிறேன். உங்களிடமும் ஒருநாள் ஒரு தாய் வந்து கேட்கலாம், இல்லீங்களா?

செடி வந்த வழி

நித்தியகல்யாணியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டு வாசல், கோயில் சுற்றுச்சுவர், பழைய தோட்டத்து லயங்களின் ஓரம் என்று எங்கும் இருக்கும். ரோஜா நிறத்திலோ வெள்ளையிலோ ஐந்து இதழ்கள். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் நாள் தவறாமல் பூப்பதால்தான் இந்தப் பெயர். தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். கவனிக்க ஆளில்லாத இடத்திலும் பிழைத்துக் கிடக்கும். ஆடு மாடுகூட வாய் வைக்காது. அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மலாய்க்காரர்கள் இதைக் ‘கெமுந்திங் சீனா’ என்கிறார்கள். ஆனால் செடி சீனாவிலிருந்து வந்ததல்ல, தமிழ்நாட்டிலிருந்தும் வந்ததல்ல. இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவு. கடல் வாணிபம் பெருகிய காலத்தில் கப்பலேறி உலகெங்கும் பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதன் விதை பாரிஸ் நகரத் தாவரத் தோட்டத்துக்குப் போனது, அங்கிருந்து இலண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போனது. 1759-இல் லின்னேயஸ் இதற்கு ‘வின்கா ரோசியா’ என்று அறிவியல் பெயரிட்டார். 1837-இல் ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் இதை வேறு பேரினத்தில் சேர்த்து ‘கேதராந்தஸ்’ ஆக்கினார். ஆனாலும் பழைய பெயர் சாகவில்லை. பின்னால் வரப்போகும் இரண்டு மருந்துகளின் பெயரிலும் அந்த ‘வின்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக, ‘நம் முன்னோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது’ என்ற பேச்சு இந்தச் செடிக்குப் பொருந்தாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் நித்தியகல்யாணி கிடையாது. அழகான தமிழ்ப்பெயர் ஒன்று இருப்பதாலேயே ஒரு செடி நம் மண்ணின் பழஞ்சொத்து ஆகிவிடாது. தமிழாசிரியர்களான நாம் இதை முதலில் சொல்லலாம்.

எல்லாரும் நினைத்தது சர்க்கரை நோய்க்கு

சென்ற இடமெல்லாம் மக்கள் இந்தச் செடியை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். ஜமைக்கா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். எதற்கு? பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கு. புற்றுநோய்க்கு அல்ல. இந்த விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கதை கனடாவுக்குப் போகிறது. 1921-ஆம் ஆண்டு கோடையில் டொரொண்டோவில் பிரெட்ரிக் பேண்டிங் என்ற மருத்துவர் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடத் தொடங்கினார். உதவிக்கு இரண்டு மாணவர்கள் இருந்தனர். ஒருவர் சார்லஸ் பெஸ்ட், இன்னொருவர் கிளார்க் நோபிள். யார் முதலில் உதவுவது என்று நாணயத்தைச் சுண்டிப் போட்டார்களாம். பெஸ்ட் வென்றார். இன்சுலின் கண்டுபிடிப்போடு அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. நோபிளின் பெயர் அதில் சேரவில்லை.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வரலாறு இன்னொரு கதவைத் திறந்தது. 1952-இல் ஜமைக்காவில் இருந்த ஒரு மருத்துவரிடமிருந்து கிளார்க் நோபிளுக்கு ஓர் அஞ்சல் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள் 25. இன்சுலின் கிடைக்காதபோது இங்குள்ள மக்கள் இந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், ஆராய்ந்து பாருங்கள் என்பது செய்தி. கிளார்க் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். உறையைத் தம் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட், வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் காலிப் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்தவர். அந்த ஆய்வகத்துக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் காலிப்தான் 1922-இல் இன்சுலினைத் தூய்மையாக்கித் தந்தவர். சர்க்கரை நோய் என்றால் இந்த இடத்தைவிடப் பொருத்தமான ஆய்வகம் வேறெங்கே கிடைக்கும்?

எலிகள் ஏன் செத்தன?

இலைச் சாற்றை விலங்குகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. இத்தனை நாட்டு மக்கள் நம்பியது பொய்த்துப் போனது.

அதோடு விட்டிருக்கலாம். ராபர்ட் நோபிள் விடவில்லை. சாற்றை எலிகளுக்கு ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார். சில நாள்களில் எலிகள் செத்துப்போயின. உடலைத் திறந்து பார்த்தால் உள்ளே ஆங்காங்கே சீழ்க்கட்டிகள். கிருமித் தொற்று. ஆனால் தொற்றை உண்டாக்கியவை சாதாரணமாக எலிகளை ஒன்றும் செய்யாத கிருமிகள். அப்படியென்றால் எலிகளின் எதிர்ப்பு சக்தி எங்கே போனது? இரத்தத்தைச் சோதித்தபோது பதில் கிடைத்தது. வெள்ளை அணுக்கள் தாறுமாறாகக் குறைந்திருந்தன. அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மச்சை அடங்கிக் கிடந்தது.

இந்த வரலாற்றிலேயே முக்கியமான நொடி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொருவராக இருந்தால் ‘சர்க்கரைக்கு உதவவில்லை, விஷம் வேறு’ என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். நோபிள் குழு கேள்வியைத் திருப்பிப் போட்டது. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? வெள்ளை அணுக்களைக் குறைக்கும் ஒரு பொருள் இங்கே இருந்தால், அது அந்த நோய்க்கு உதவுமா?

சாற்றில் நூற்றுக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருந்தன. அவற்றில் எது இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தெடுக்க ஒரு வேதியியலாளர் தேவைப்பட்டார். 1954-இல் சார்லஸ் பீர் என்ற ஆங்கிலேயர் வந்து சேர்ந்தார். மூட்டை மூட்டையாக இலையைக் காயவைத்து, கரைத்து, வடித்து, பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்து, மீண்டும் பிரித்து என்று ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. 1958-இல் நோபிள், பீர், கட்ஸ் மூவரும் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பிரித்தெடுத்த பொருளின் இன்றைய பெயர் வின்பிளாஸ்டின். தற்செயலாகக் கண்ணில் பட்டவற்றுக்கு மருத்துவத்தில் இருக்கும் இடத்தைப் பற்றியது என்றே கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார்கள். பெருமையடித்துக்கொள்ளாத தலைப்பு.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஈலை லில்லி மருந்து நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா, இர்விங் ஜான்சன் ஆகியோரும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களையும் சர்க்கரை நோய் பற்றிய பேச்சுத்தான் இந்தச் செடியிடம் கொண்டுவந்து சேர்த்தது. இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகள் இந்தச் சாற்றால் கூடுதல் நாள் உயிர் வாழ்வதை அவர்கள் கண்டார்கள். பிறகு இரு குழுக்களும் ஒத்துழைத்தன. 1961-இல் லில்லி குழு இன்னொரு பொருளைப் பிரித்தது. அதுதான் வின்கிரிஸ்டின். 1963-இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக ஏற்றது.

இரண்டு மருந்துக்கும் மூலக்கூறில் ஒரே ஒரு மூலையில்தான் வேறுபாடு. அந்தச் சின்ன வேறுபாட்டால் ஒன்று எலும்பு மச்சையை அதிகம் அடக்குகிறது, மற்றது நரம்புகளை அதிகம் தாக்குகிறது. குணமாக்கும் நோய்களும் வேறு. ஒரு செடிக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், ‘இந்தச் செடி புற்றுநோய்க்கு நல்லது’ என்று ஒரே வரியில் எப்படிச் சொல்வது?

அது வேலை செய்யும் விதம்

மாணவர்களுக்கு இப்படி விளக்கலாம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கிட வேண்டும். அதற்கு உயிரணுவுக்குள் கயிறு போன்ற நுண்குழாய்கள் உருவாகி, இரண்டு பக்கமும் இழுக்கின்றன. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுத்தான் அந்தக் கயிறு உண்டாகிறது. நித்தியகல்யாணி மருந்துகள் டியூபுலினோடு ஒட்டிக்கொள்கின்றன. கயிறு உருவாகாது. பிரிவதற்குத் தயாராகிவிட்ட உயிரணு பிரிய முடியாமல் பாதியில் நின்று மடிகிறது.

புற்றுநோய் உயிரணுக்கள் ஓயாமல் பிரிபவை. அதனால் அடி அவற்றுக்கே அதிகம். ஆனால் உடலில் வேகமாகப் பிரியும் வேறு உயிரணுக்களும் உண்டு. முடியின் வேர், குடலின் உள்பரப்பு, எலும்பு மச்சை. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு முடி கொட்டுவதும் சோறு இறங்காததும் இதனால்தான். செடியை ஆடு மாடு கடிக்காமல் போவதற்கும் இதே நச்சுப் பொருள்கள்தாம் காரணம். செடி அவற்றை நமக்காகச் செய்யவில்லை. தன்னைத் தின்ன வருபவர்களிடமிருந்து தப்பிக்கச் செய்துகொண்டது.

பிள்ளைகளுக்குக் கிடைத்த வாழ்வு

1960-களின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. பெற்றோரிடம் மருத்துவர்கள் மாதக்கணக்கில்தான் பேசுவார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்ற இரண்டு மருத்துவர்கள் துணிந்து ஒன்று செய்தார்கள். ஒரு மருந்துக்குப் பதிலாக நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கில் ஒன்று வின்கிரிஸ்டின். அந்த வழி மேலும் மேலும் சீரானது. இன்று நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் முதன்மையான வகையில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன.

இந்த வெற்றி நித்தியகல்யாணியால் மட்டும் வந்ததல்ல. மற்ற மருந்துகள், இரத்த தானம், தொற்றைத் தடுக்கும் கவனிப்பு, இரவு பகல் பாராத தாதியர் எல்லாரும் சேர்ந்துதான் வந்தது. ஆனால் அந்தக் கூட்டணியில் நம் வாசல் செடிக்கு ஓரிடம் உண்டு.

சரி, சாறாகவே குடித்தால் என்ன?

“மருந்தே அந்தச் செடியில இருந்துதான் வருதுன்னா, நேரா செடியையே குடுக்கலாமே?” நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. அதாவது ஒரு மில்லிகிராமுக்கு அரைக் கிலோ. வின்கிரிஸ்டின் இலையில் இதைவிடவும் குறைவாகவே இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை ஏற்றும் வின்கிரிஸ்டினின் அளவே ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். ஒரு கைப்பிடி இலையில் அது கிடைக்காது. சரி, கூடுதலாக அரைத்துக் குடித்தால்? அதே இலையில் இருக்கும் மற்ற நச்சுப் பொருள்களும் கூடவே உள்ளே போகும். வின்கிரிஸ்டின் வாய்வழியாகச் சரியாக உடலில் சேர்வதும் இல்லை. அதனால்தான் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அதையும் உடல் எடை, உயரம், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் அளக்கிறார்கள். கொஞ்சம் கூடினாலும் கை கால் நரம்பு பாதிக்கப்படும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உடலுக்குள் போன மருந்தைக் கல்லீரல்தான் கழிக்கிறது. சில மூலிகைகள் அந்த வேகத்தைக் கூட்டும், சில குறைக்கும். மருத்துவருக்குத் தெரியாமல் ஒன்றைக் கொடுத்தால், ஏற்றுகிற மருந்து பலிக்காமல் போகலாம், அல்லது நஞ்சாகலாம். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்று சொல்லப்படும் சாற்றால் இப்படியும் நடக்கும்.

ஆயிரக்கணக்கான சாறுகள், சில மருந்துகள்

நித்தியகல்யாணியின் வெற்றி உலகத்தை மற்ற செடிகளின் பக்கமும் திருப்பியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1960 முதல் 1982 வரை சுமார் 114,000 தாவரச் சாறுகளைச் சோதித்தது. அதில் மருத்துவமனை வரை வந்து நிலைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெயர் பெற்றது டாக்சால். 1962-இல் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை எடுத்து வந்தார். மன்ரோ வாலும், மகாராஷ்டிராவில் பிறந்த மன்சுக் வானியும் அதிலுள்ள பொருளைப் பிரித்து 1971-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-இல். பட்டை உரித்த நாளிலிருந்து முப்பது ஆண்டுகள்!

ஆகவே ‘இந்த மூலிகைச் சாறு புற்றுநோய் உயிரணுவை அழித்தது, ஆய்வில் நிரூபணம்’ என்று செய்தி வந்தால், அழித்தது எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆய்வகத் தட்டில்தான். தட்டில் இருக்கும் உயிரணுவை உப்பைக் கூடுதலாகப் போட்டாலும் கொல்லலாம். தட்டிலிருந்து எலி, எலியிலிருந்து மனிதன், ஒரு மனிதனிலிருந்து ஆயிரம் மனிதர்கள் என்று ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவை தோற்று விழுகின்றன. அப்படிப்பட்ட ஆய்வு பொய் என்று சொல்லவில்லை. அது பயணத்தின் முதல் படி என்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் சொன்ன பாடம்

மூலிகை விளம்பரங்களில் இரண்டு சொற்கள் இணைபிரியாமல் வரும். ஒன்று ‘புற்றுநோய் எதிர்ப்பு’. மற்றது ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’. உடலில் உயிர்வளி செலவாகும்போது சில துடிப்பான துகள்கள் உண்டாகி உயிரணுக்களைச் சேதப்படுத்துகின்றன, அவற்றை அடக்குபவை ஆன்டிஆக்ஸிடன்ட். 1956-இல் டென்ஹம் ஹார்மன் என்ற அமெரிக்கர், முதுமைக்கே இந்தத் துகள்கள்தாம் காரணம் என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். காய்கறி, பழம் அதிகம் உண்பவர்களுக்குச் சில புற்றுநோய்கள் குறைவு என்பதும் தெரியவந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாமே என்று அறிஞர்கள் நினைத்தார்கள். நியாயமான யோசனை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய சோதனையும் இதே திசையைக் காட்டியது. 1996-இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

கேரட் சாப்பிடாதீர்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. தட்டில் இருக்கும் கேரட் வேறு, அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்து மாத்திரையில் அடைப்பது வேறு. ஒரு சாற்றுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் இருப்பது அளந்து பார்த்து உறுதியானாலும், அது மனிதரைப் புற்றுநோயிலிருந்து காக்கும் என்று ஆகாது. நித்தியகல்யாணியையே பாருங்கள். அதன் மருந்துகள் நோயை வெல்வது ஆன்டிஆக்ஸிடன்ட் குணத்தால் அல்ல, உயிரணுப் பிரிவைத் தடுக்கும் நச்சுத்தன்மையால்.

செடி யாருக்குச் சொந்தம்?

கண்டுபிடித்தவர்கள் பெயரைச் சொன்னோம். அந்த இலையைத் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சிக் குடித்த ஜமைக்கா மக்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் சொன்னது சர்க்கரை நோய், கிடைத்தது புற்றுநோய் மருந்து. ஆனாலும் அவர்கள் சொல்லாவிட்டால் அந்த அஞ்சல் உறையே புறப்பட்டிருக்காது. செடியின் தாயகமான மடகாஸ்கருக்கும் மருந்து விற்ற இலாபத்தில் பங்கு போகவில்லை. 1992-இல் உயிரியற் பன்மய உடன்படிக்கை உருவான காலத்தில், இந்தச் செடியின் கதை திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. அதே அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம், எச்ஐவி கிருமிக்கும் மருந்து தேடியபோது, 1987-இல் சரவாக் காட்டில் ஒரு பிந்தாங்கோர் வகை மரத்தின் இலை, கிளைகள் சேகரிக்கப்பட்டன. ஆய்வகத்தில் அந்தச் சாறு எச்ஐவி கிருமியை நன்றாகத் தடுத்தது. கூடுதல் இலைக்காக மறுபடி போய்ப் பார்த்தால் அந்த மரமே இல்லை, வெட்டப்பட்டிருந்தது! அதே வகை மரங்கள் பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் கிடைத்தன. அதிலிருந்து எடுத்த கெலனோலைட் என்ற பொருள் இன்றுவரை கடைக்கு வரும் மருந்தாகவில்லை. ஆனால் மடகாஸ்கருக்குக் கிடைக்காத ஒன்று சரவாக்கிற்குக் கிடைத்தது. 1996-இல் மாநில அரசும் அமெரிக்க நிறுவனமும் பங்காளிகளாகச் சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. மலேசியா 2017-இல் உயிரியல் வளங்களைப் பயன்படுத்துவோர் பலனைப் பகிர வேண்டும் என்று தனிச் சட்டமே இயற்றியது.

வகுப்பறையில் பயன்படுத்த

1. *காலக்கோடு:* 1759, 1921, 1952, 1958, 1961, 1963 ஆகிய ஆண்டுகளைக் கொடுத்து, மாணவர்களைக் காலக்கோடு வரையச் சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாக்கியம் எழுதட்டும்.

2. *கணக்கு:* ஒரு கிராம் மருந்துக்கு 500 கிலோ இலை. 20 கிராம் இலையில் எவ்வளவு மருந்து இருக்கும்? விடையை மாணவர்களே கண்டு வியக்கட்டும்.

3. *மூன்று கேள்விகள்:* மருத்துவச் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்தால் கேட்க வேண்டியவை: எதில் சோதித்தார்கள், தட்டிலா எலியிலா மனிதரிலா? எவ்வளவு கொடுத்தார்கள்? நல்லது நடந்ததை மட்டும் சொல்கிறார்களா, கெட்டதையும் சொல்கிறார்களா? ஒரு செய்தியை எடுத்துக் குழுவாக ஆராயச் செய்யலாம்.

4. *பெயர் ஆய்வு:* நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லி, கெமுந்திங் சீனா. ஒரே செடிக்கு ஏன் இத்தனை பெயர்? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வேறு பெயர்களும் சேகரிக்கலாம்.

முக்கியம்: செடியைக் காட்டலாம், வரையச் சொல்லலாம். இலையையோ பூவையோ யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தத் தாய்க்குச் சொன்னது

மறுவாரம் அந்தம்மாவை நானே தொலைபேசியில் அழைத்தேன். தம்பிக்கு என்னென்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று மருத்துவமனைக் குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது பெயர் வின்கிரிஸ்டின்.

“அம்மா, நீங்க காட்டுன அந்தச் செடியில இருந்து எடுத்ததுதான் இந்த மருந்து. தம்பிக்கு அது ஏற்கனவே ஏறிக்கிட்டுதான் இருக்கு. நூல் பிடிச்ச மாதிரி அளந்து குடுக்குறாங்க. வீட்டுல அரைச்சுக் குடுத்தா அந்த அளவு நமக்குத் தெரியாதும்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க மறைக்கலையா டீச்சர்?” என்று கேட்டார்.

“மறைக்கலம்மா. நாமதான் கேக்கல, அவங்களும் எடுத்துச் சொல்லல.”

பையன் மறு ஆண்டு தலையில் தொப்பியோடு பள்ளிக்கு வந்தான். வந்த முதல் நாள், பள்ளித் தோட்டத்து நித்தியகல்யாணியை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். “இதுவா டீச்சர்? இது எங்க வீட்லயும் இருக்கே” என்றான்.